மீன் ஐஸில் போகும் ரத்தம்

வாய் நிறைய "மாப்ளே" என்று கூப்பிட்டு, கூப்பிட்டதும் ஒரு வேலையைத் தலையில் கட்டும் என் அத்தானுக்கு,

கொல்லம் மெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து ஆடும், பொறுத்துக்கொள்ளுங்க. மடியில் பிளாஸ்க். அதேதான், உங்க ரத்தம் போன பிளாஸ்க். மீன் வாடை தாங்காமல் எதிரே இருந்தவர் கடையநல்லூரிலேயே வேறு பெட்டிக்கு மாறிவிட்டார். நல்லதாப் போச்சு, காலை நீட்ட இடம் கிடைத்தது.

சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்துக்கு ஆள் வரத்து தொடங்கியாச்சு, தென்காசி பஸ்ஸில் உட்கார இடமில்லை. மயிலைக் காளைக்குக் கொம்பில் புண், மருந்து போட்டிருக்கிறேன். இதெல்லாம் உங்களுக்குச் சொல்ல வேண்டிய சேதி என்று தோன்றுகிறது, சொல்கிறேன். சொல்லும்போது உள்ளே ஒன்றும் அசையவில்லை.

நீங்க போன அன்றைக்கும் அப்படித்தான். பந்தல் போட ஆள் சொன்னேன், சுரண்டைக்குத் தந்தி கொடுத்தேன், வந்தவர்களுக்குக் காப்பி போதுமா என்று பார்த்தேன். "கோமதி தம்பியைப் பாரு, கல்லு மாதிரி நிக்கான்" என்று அக்கா பேரைச் சொல்லி யாரோ பேசியது காதில் விழுந்தது. நான் என்ன செய்ய? வந்தால்தானே அழ முடியும்.

இந்தக் கடிதத்தை ஒரு பிரதி எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன். நம்ம மாதிரி சைவ வீடுகள் நாலு படிக்கட்டும். உங்க பேரைப் போடவில்லை, பயப்படாதீங்க. அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுலே. அவுகளுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது அத்தான். தெரியாமலே போயிட்டீங்க. அதைச் சொல்லத்தான் இத்தனையும். ஆனால் நம்ம கதை தெரியாத ஆட்களும் படிப்பார்களே, அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

யுத்தம் முடிந்த மறு வருசக் கார்த்திகையில் உங்களுக்கு ஒன்றுக்குப் போவது அடைத்துக்கொண்டது. இடுப்பு வலி வேறு. பட்டாளத்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். பர்மா பக்கம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து தென்காசியில் போர்டு மாட்டியிருக்கிறாரே, அவர்தான். பரிசோதித்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். நீங்களும் பின்னாலேயே வந்து நின்றீங்க. "எனக்கு வந்ததை என்கிட்ட சொல்லும் டாக்டர், அவன் எதுக்கு?" என்று கேட்டீங்க.

அவர் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே ஒரு சுரப்பி இருக்கிறதாம், அதில் புற்று மாதிரி தெரிகிறதாம். நிச்சயம் பண்ண ரத்தத்தில் ஒரு பரீட்சை உண்டு. ஆசிட் பாஸ்படேஸ் என்று பேர். என்சைம் வகை. உறைமோர் பாலைத் தயிராக்குவது போல, ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற சரக்கு. அந்தச் சுரப்பிக்குள்ளேதான் அது ஏராளமாகக் கிடக்கும். புற்று எலும்பு வரைக்கும் போய்விட்டால் ரத்தத்தில் கசிந்து ஏறிவிடும். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் அதை அளந்து ஒரு நம்பர் சொல்வார்கள். நல்ல ஆளுக்கு அந்த நம்பரை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

உங்களுக்கு வந்த நம்பருக்கு நம்ம ரெண்டு பேர் கையும் காலும் பத்தவில்லை.

தை மாசம் மதராஸிலேயே ஆப்பரேசன். விதையை எடுத்தால் அந்தப் புற்றுக்குத் தீனி நின்றுபோகும் என்றார்கள். வெளியே பெஞ்சில் என்ன முகத்தோடு உங்களைப் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். நீங்க கண் திறந்து என்னைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு இது: "ஏலே மாப்ளே, நம்ம மயிலைக்குச் செஞ்சதை எனக்கும் செஞ்சுட்டானுவ. இனி வண்டியில பூட்டிர வேண்டியதுதான்." நர்ஸம்மாவுக்குத் தமிழ் புரியாதது நல்லதாயிற்று.

நம்பர் மளமளவென்று இறங்கியது. ஆனாலும் மறுபடி ஏறுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், ஏறினால் புதுசாக ஒரு மாத்திரை வந்திருக்கிறது, அதைக் கொடுக்கலாம் என்றார்கள். ஒவ்வொரு தடவையும் உங்களை மதராஸுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பட்டாளத்து டாக்டர்தான் வழி சொன்னார். அவரே ரத்தம் எடுத்து, தெளிய விட்டு, மேலே நிற்கிற மஞ்சள் தண்ணியைச் சுண்டுவிரல் கனக் கண்ணாடிக் குழாயில் விட்டு மெழுகு வைத்து அடைத்துத் தருவார். பிளாஸ்கில் ஐஸ் போட்டு அதற்குள் குழாயை வைத்து நான் மெயிலில் கொண்டு போகவேண்டும்.

தென்காசியில் ஐஸுக்கு எங்கே போக? கொல்லத்து மீன் பெட்டியில்தான் இருக்கிறது. செங்கோட்டை தாண்டி வண்டி வந்து நின்றதும் பெட்டி இறக்க மீன் வியாபாரி மைதீன் அண்ணாச்சி ஸ்டேஷனில் நிற்பார். "உள்ளதை அள்ளிக்கிடும்" என்று தாராளமாகச் சொல்லிவிட்டார். மரத்தூளும் செதிலுமாக அள்ளிப் போட்டுக்கொண்டு பங்குனியில் முதல் தடவை போனேன். மதராஸ் லேபில் குழாய் வாங்குகிற ஆள் மூடியைத் திறந்ததுதான் தாமதம், மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னாய்யா இது, ரத்தமா கருவாடா?" என்றார்.

ஊருக்கு வந்து நான் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். "அத்தான், உங்க ரத்தம் சாளை மீனோட சகவாசம் வச்சு மதராஸ் போயிட்டு வந்திருக்கு" என்று கேலி பேசினேன். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்க சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை வெங்காயம்கூடச் சேர்க்காத மனுசர், என்ன நினைத்தீங்களோ.

ஆனி மாசம் அடுத்த தடவை. நான் ஸ்டேஷனில் ஐஸ் அள்ளி, டாக்டரிடம் குழாயை வாங்கி உள்ளே வைத்து, உங்களிடம் சொல்லிவிட்டுப் போக வீட்டுக்கு வந்தேன். அந்த நாளில் மெயிலுக்கு முந்தி வருகிற வண்டியிலும் மீன் பெட்டி வரும். பிளாஸ்கை நடையில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் குளித்து, வேட்டி மாற்றி, நாலு தோசை தின்றுவிட்டுக் கிளம்பினேன். பிளாஸ்கை நீங்களே எடுத்துக் கையில் கொடுத்தீங்க. "பத்திரம் மாப்ளே" என்றீங்க.

லேபில் அதே ஆள். மூடியைத் திறந்தார். "ஐஸ் கரைஞ்சு பூட்ச்சா?" என்றார். "வழியெல்லாம் வெக்கைல்லா" என்றேன். குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

லேபிலிருந்து கார்டு வந்த அன்றைக்கு நம்ம வீடு கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டதே, நினைவிருக்கிறதா? நம்பர் அப்படி இறங்கியிருந்தது. பட்டாளத்து டாக்டரே கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இளவட்டப் பயலுக்குக்கூட இவ்வளவு கம்மியா இருக்காது" என்றார். மாத்திரைப் பேச்சு அத்தோடு நின்றது. ஆவணியில் வைத்திருந்த உங்க மகள் செல்லத்தின் கல்யாணத்தை நீங்க அன்றைக்கே தைக்குத் தள்ளிப் போட்டீங்க. "எதுக்கு மாப்ளே இந்த ஓட்டம்? கார் நெல்லு வீட்டுக்கு வரட்டும். ஒத்த மகளுக்குச் சாவகாசமா, ஊரு மெச்சச் செய்வோம்" என்று சொன்னீங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக, செல்லத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்று தினம் சொல்லிக்கொண்டிருந்த மனுசர் நீங்க.

ஆடியில் குற்றாலம் போனோம். எண்ணெய் தேய்க்கிறவர் உங்க இடுப்பில் கை வைத்ததும் துள்ளி எழுந்தீங்க. "அண்ணாச்சிக்குக் கூச்சம்" என்று அவர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். பேரருவியில் நின்று "ஏலே, இதுல்லா தண்ணி!" என்று கத்தினீங்க. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேட்கிறது. மற்றதெல்லாம் தூரத்தில் கிடக்கிறது.

புரட்டாசியில் வலி கூடியது. எல்லோரும் வாய்வு என்றோம். டாக்டரும் தசைப்பிடிப்பு என்று தைலம் கொடுத்தார். பூண்டுக் கசாயம், ஒத்தடம், சாய்ந்து உட்கார இலவம்பஞ்சுத் தலையணை. நம்பர் நன்றாக இருக்கும்போது வேறு என்னவாக இருக்க முடியும்? நீங்களே அப்படித்தான் சொன்னீங்க. கடைசியில் கட்டிலோடு கிடந்தபோது என் கையைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டீங்க.

"மாப்ளே, நம்பர் சரியாத்தானே இருக்கு? பொறவு ஏன் இப்படி வலிக்கு?"

"சரியாத்தான் இருக்கு அத்தான்" என்றேன். மார்கழியில் போயிட்டீங்க. தைக்கு நாலு எட்டுதான் இருந்தது.

இனிதான் உங்களுக்குத் தெரியாதது.

காரியமெல்லாம் முடிந்தபிறகு ஒருநாள் கடைத்தெருவில் டாக்டர் என்னை நிறுத்தினார். "அந்தக் கடைசிக் கார்டு எனக்கு இன்னும் புரியல. வியாதி எலும்பெல்லாம் பரவித்தான் மனுசர் போயிருக்கிறார். அப்படி ஆளுக்கு அந்த நம்பர் வரவே வராது. ஐஸ் நல்லா இருந்துதா?" என்று கேட்டார். நானே அள்ளிப் போட்டேன் என்றேன். ஐஸ் இல்லாவிட்டால் என்ன என்று கேட்டேன். இந்தச் சரக்கு வெக்கையில் செத்துப்போகுமாம். ரத்தத்தில் எவ்வளவுதான் இருந்தாலும், வழியில் செத்துவிட்டால் லேபில் ஒன்றுமே இல்லாத மாதிரி காட்டுமாம். வியாதி இறங்காது, நம்பர் மட்டும் இறங்கும்.

கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. லேப் ஆள் இரண்டாம் தடவை மூக்கைப் பிடிக்கவில்லை.

நேரே வீட்டுக்குப் போனேன். அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "போன ஆனியில பிளாஸ்குல இருந்த ஐஸு என்னாச்சுக்கா?" என்று கேட்டேன். சுளகை நிறுத்தாமலே சொன்னாள்: "அதையா கேக்கே? அவுகதான் கொட்டச் சொன்னாக. காலையில குற்றாலத்துல இருந்து குடத்துல அருவித் தண்ணி வந்துச்சுல்லா, அதை ஊத்தி வச்சேன். பச்சைத் தண்ணியா அது, கையை வச்சா வெறைக்கும். மெழுகு வச்சு அடைச்சுத்தானே இருக்கு, மீன் ஐஸு உள்ளயா போவப்போவுதுன்னு நானும் சொல்லிப் பார்த்தேன். உள்ள போவுதோ வெளிய நிக்குதோ, என் ரத்தம் மீன் தண்ணியில கெடக்காதுன்னுட்டாக. நீ குளிக்கப் போயிருந்த. ஏன், என்ன இப்போ?"

மறைத்திருக்கலாம். எனக்கு அந்த அளவுக்குக்கூட ஈரம் இல்லை அத்தான். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மதுரை தாண்டும் முன்னே அந்தத் தண்ணி வெதுவெதுத்துப் போயிருக்கும் என்று சொன்னேன். சுளகு நின்றது. "அப்போ அந்தக் கார்டு?" என்றாள். "பொய்" என்றேன். அரிசியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தாள். பிறகு மறுபடி புடைத்தாள்.

உங்க மேல் எனக்குக் கோபம். செத்துப்போன மனுசர் மேல் கோபப்படுகிறோமே என்று ஒரு கூச்சமும் வரமாட்டேன் என்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? மீன் தின்னவா சொன்னோம்? நல்ல ஐஸாகத் தேடிக் கொல்லத்துக்கே போய் வந்திருப்பேனே. நீங்க அப்படிப்பட்டவர் என்று தெரிந்தும் நான்தான் கேலி பேசினேனா?

டாக்டரிடம் நேராகவே கேட்டேன், உண்மையான நம்பர் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. தலையை ஆட்டினார். பிழைத்திருக்க மாட்டாராம். மாத்திரை கொடுத்திருந்தால் வலி குறைந்திருக்கலாம், தை வரைக்கும் இருந்திருக்கலாம், நிச்சயம் சொல்ல முடியாது என்றார். ஆனால் ஒன்று நிச்சயம் அத்தான். நம்பர் ஏறியிருக்கிறது என்று தெரிந்திருந்தால் கல்யாணத்தைத் தள்ளியிருக்க மாட்டீங்க. ஆவணியில் உங்க கையாலேயே செல்லத்தைத் தாரை வார்த்திருப்பீங்க.

அதே சமயம் அந்த ஆடி மாசத்தையும் நினைத்துக்கொள்கிறேன். உண்மை தெரிந்திருந்தால் அருவியில் அப்படிக் கத்தியிருப்பீங்களா? அந்தப் பொய் உங்களுக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா?

சரி, இப்போது யார் ரத்தத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று கேட்பீங்க. சுரண்டையில் கடை வைத்திருக்கிற உங்க அண்ணாச்சி, நம்ம பெரியத்தானுடைய ரத்தம். உங்களுக்கு வந்த மாதிரியே அடைப்பு, அதே இடுப்பு வலி. செல்லத்தின் கல்யாணம் வருகிற ஆவணியில். சாவு விழுந்த வீட்டில் வருசத்துக்குள் கன்னியைக் கட்டிக் கொடுத்துவிட வேண்டும் என்று ஊரில் சொல்கிறார்கள். உங்க இடத்தில் நின்று தாரை வார்க்கப் போகிறவர் அவர். நம்பர் ஏறியிருந்தால் இந்த ஆனி கடைசி முகூர்த்தத்திலேயே முடித்துவிட்டு, அவரை ஆடியில் மதராஸுக்கு அனுப்ப வேண்டும். அதனால் இந்த நம்பர் உண்மையாக இருந்தாக வேண்டும்.

மீன் ஐஸ் என்றதும் அவரும் உங்க அண்ணாச்சி என்று காட்டிவிட்டார். "என்ன சொல்லுதிய? நம்ம குடும்பத்து ரத்தம் அந்தப் பெட்டியிலயா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளேயிருந்து வந்தாள். பெரியத்தானுக்கு முன்னால் இதுவரை நிமிர்ந்து பேசாதவள். "உங்க தம்பி ரத்தம் அருவித் தண்ணியிலதான் போச்சு. வந்த சேதி பொய்யாப் போச்சு. உம்முன்னு இரிங்க" என்றாள். பெரியத்தான் உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு ஸ்டேஷனுக்கு அக்காவும் வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. முந்தி வருகிற வண்டி இப்போது இல்லை, மெயிலிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஏற வேண்டும். வண்டி வந்து நின்றது, மைதீன் அண்ணாச்சி பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார். வாடை அடித்தது. மீன்காரி தெருவில் வந்தால் மூக்கை மூடிக்கொள்கிற அக்கா, வெள்ளைச் சேலை முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு பெட்டி முன்னால் குனிந்தாள்.

"தொடாதிய ஆச்சி, நான் அள்ளித் தாரேன்" என்று மைதீன் அண்ணாச்சி பதறிப்போனார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. என் கையாலதான் கொட்டினேன், என் கையாலயே அள்ளுதேன்" என்றாள்.

மீனுக்கு நடுவில் கையை விட்டு, வெறைக்க வெறைக்க ஐஸை அள்ளிக் குழாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் அடைத்தாள். மூடியைத் திருகி என் கையில் கொடுத்தாள். வண்டி ஊதியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே கொஞ்சம் நடந்து வந்தாள். அந்தக் கையில் மணிக்கட்டுக்கு மேலே ஒரு செதில் ஒட்டியிருந்தது. நீங்க போன அன்றைக்கு வளையலைக் கழற்றின கை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை அத்தான். வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்போது ராஜபாளையம் தாண்டியாச்சு. வெளிச்சம் போகிறது, எழுத்துத் தெரியவில்லை. பிளாஸ்கை ஒரு தரம் திறந்து பார்த்தேன், ஐஸ் ஐஸாகவே இருக்கிறது. விருதுநகரில் பார்ப்பேன், மதுரையில் பார்ப்பேன், தேவைப்பட்டால் மீன் பெட்டி எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் இறங்கி அள்ளுவேன். நம்பர் எவ்வளவு நன்றாக வந்தாலும் செல்லத்தின் கல்யாணத்தை ஆவணிக்கு அப்பால் ஒரு நாள் தள்ள விடமாட்டேன். இது சத்தியம்.

லேபில் அதே ஆள்தான் இருப்பார் என்று நினைக்கிறேன். மூடியைத் திறக்கும்போது பக்கத்திலேயே நின்று அவர் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறேன். அந்த மனுசர் மூக்கைப் பிடித்து என்னை நாலு வார்த்தை திட்ட வேண்டும். திட்டிவிட்டால், உங்களுக்காக அழுதுவிடலாம் என்று நினைக்கிறேன்.

உங்க மச்சினன்,
கோமதி தம்பி